உள்பக்கம்

செப்டம்பர் 4, புதன்

வேதாரண்யம் வந்து சேர்ந்தாயிற்று. லாட்ஜ் பலகையில் 'குளிர்சாதண வசதி' என்று மூன்று சுழி போட்டிருக்கிறார்கள். வரவேற்பில் இருந்தவரிடம் சொன்னேன். "வசதி இருக்குங்க மேடம், எழுத்த விடுங்க" என்றார். அறைக்குப் போய் ஏசியைப் போட்டால் வெறும் காற்றுதான் வருகிறது.

வந்த காரியம், விதைச் சங்கத்தின் குளிர் அறை. கடலை விதையையும் நெல் விதையையும் அடுத்த விதைப்புப் பட்டம் வரை பதினைந்து டிகிரியில் வைத்திருக்க எங்கள் கம்பெனி கட்டிக்கொடுத்தது. முடிந்து பதினாறு மாதம்தான் ஆகிறது. இப்போது இருபத்திரண்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதாம். கம்ப்ரசர் மூச்சு விடாமல் ஓடுகிறது, சுவரின் அடியில் ஈரம் கசிகிறது. நான் கம்பெனியின் தர ஆய்வாளர். பத்து நாளில் காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை தர வேண்டும்.

கோயம்புத்தூரில் கிளம்பும்போது எங்கள் எம்.டி. கிருபாகரன் சார் சொன்னது: "ஏனுங்க தமயந்தி, ஃபிட்டர் வேலைலதான் கோளாறு இருக்கும். பாத்து எழுதிப்போடுங்க. அந்த ஆள நம்ம லிஸ்ட்ல இருந்து எடுத்துறலாம். அடுத்த மாசம் காரைக்கால் வேலையும் அவருக்குத்தான் பேசியிருக்குது."

அந்த ஆளின் பெயர் சவரிமுத்து. இந்த ஊர்க்காரர். அவரும் அவருடைய நான்கு ஆட்களும் சேர்ந்து நிறுத்திய சுவர்கள் இவை. நேரில் பார்த்ததில்லை. போனில் ஓரிரு முறை பேசியிருக்கலாம்.

செப்டம்பர் 5, வியாழன்

சவரிமுத்து ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் போல் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். சங்கச் செயலாளர் ஜமீலா அம்மா சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "மூட்டையெல்லாம் பாதி வேற எடத்துக்கு மாத்திட்டோம். மிச்சத்துக்கு எடமில்ல. சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தெற்குச் சுவரில் ஒரு பலகையைக் கழற்றினோம். வெளியே செங்கல், அதை ஒட்டி நாலு அங்குலத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு, பஞ்சின் மேல் பாலித்தீன் ஷீட், கடைசியாக அறையைப் பார்த்த பலகை. இதுதான் சுவர். பஞ்சு மேலே காய்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே நனைந்து, கனம் தாங்காமல் சரிந்து, தொப்பை போட்டிருந்தது. சரிந்த இடத்தில் வெறும் இடைவெளி. ஷீட்டைத் தொட்டிருந்த முகத்தில் சொட்டச் சொட்ட ஈரம். செங்கல் பக்கம் கை வைத்தால் ஒன்றுமில்லை.

"கூரை ஒழுக்கா இருக்கலாம்" என்றேன்.

"மேல காஞ்சுல்ல கெடக்கு மேடம்" என்றார் சவரிமுத்து.

"பைப் எதாவது?"

"இந்தச் சுவத்துல பைப்பே இல்லீங்க."

 பஞ்சு வெப்பத்தைத் தடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பஞ்சிழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் தடுக்கிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்தால் பஞ்சு ஈரத்துணிதான். கம்ப்ரசர் ஓடி என்ன பயன். இதைத் தமிழில் இத்தனை எளிதாக எழுத என்னால் முடியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கம்பெனியில் ஃபிட்டர்களுக்கான வேலைத்தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவள் நான்.

முழங்கை வரை அரிக்கிறது. கையுறை போட்டும் அரிக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

ஒரு அடிச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டினேன். அடியில் இருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. மளிகைக்கடைத் தராசில் அடித்துண்டு அறுநூற்றுத் தொண்ணூறு கிராம். கடைக்காரர், "என்ன மேடம், பஞ்சுமிட்டாயா?" என்றார். உலர்த்த வழி? வெயிலில் வைத்தால் கடல்காற்று காய விடாது. கடைத்தெரு பேக்கரியில் கெஞ்சினேன். ரொட்டி இறக்கிய பிறகு ஆறும் அடுப்பில், தட்டில் துணி விரித்து வைத்துக்கொடுத்தார்கள். நாலு மணி நேரம் கழித்து அதே துண்டு இருநூற்றுப் பதினைந்து. அதாவது பஞ்சைப்போல் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது அந்தச் சுவர். மேல்துண்டில் எடை மாற்றமே இல்லை.

சாயங்காலம் என் கணவர் சந்தானம் போன் செய்தார். பள்ளிக்கூட வாத்தியார். எதைச் சொன்னாலும் கரும்பலகையில் படம் போட்டுவிடுவார். சுவருக்குள் பஞ்சு நனைந்திருப்பதைச் சொன்னேன்.

"ஐஸ் தண்ணி ஊத்துன சொம்புக்கு வெளியில வேர்க்குமே, அந்த மாதிரியா?"

"ஆமா. இல்ல. கொஞ்சம் வேற."

"என்ன வேற? அந்த ஷீட் குளிர் பக்கம் இருக்குன்னா, அதுதான் சொம்பு. வெளிக் காத்துல இருக்கிற ஈரம் பஞ்சு வழியா வந்து அது மேல வேர்க்குது. ஷீட்ட செங்கல் பக்கம் போட்டிருந்தா ஈரம் உள்ளயே வந்திருக்காதுல்ல?"

சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிட்டேன். சிலருக்கு எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 7, சனி

கூரையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

வேலை இல்லை. துணிகளைத் துவைத்தேன். பஞ்சு பட்ட துணியைத் தனியாக அலச வேண்டும், இல்லையென்றால் புடவை, தலையணை உறை எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். மூன்று தண்ணீரில் அலசினேன். பிறகு நாலாவது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கடற்கரைப் பக்கம் போய்விட்டு, பாதி வழியில் திரும்பினேன். அறையில் இருந்த தினசரியில் பதினோரு எழுத்துப்பிழைகளுக்குச் சுழி போட்டேன்.

வேலைத்தாள்கள் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். பின்னால் உதவும்.

ஆறு வருடத்துக்கு முன் கோத்தகிரியில் ஒரு முதியோர் விடுதி கட்டினோம். மலைக்குளிர், உள்ளே ஹீட்டர். ஆங்கிலக் கையேட்டில் ஷீட்டை 'வெதுவெதுப்பான பக்கத்தில்' போடு என்று இருந்தது. நானும் முதலில் அப்படியே எழுதினேன். அங்கிருந்த ஃபிட்டர் ஒருவர் தலையைச் சொறிந்தார். "வெதுவெதுப்பான பக்கம்னா எது மேடம், வெயில் அடிக்கிற பக்கமா?" எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு சொல்லுக்குப் பதில் ஒரு சொல் போதுமே. அடித்துவிட்டு 'உள்பக்கம்' என்று எழுதினேன். சந்தேகமே வராத சொல். அந்தத் தாளுக்கு எண் ஏழு. எம்.டி. எல்லோர் முன்பும் பாராட்டினார். கோத்தகிரிச் சுவர்கள் இன்று வரை காய்ந்து நிற்கின்றன.

வேதாரண்யத்துக்கும் அதே தாள்களைத்தான் அனுப்பினோம். ஊர்ப்பெயரும் தேதியும் மாற்றினேன். போன வருடம் மே மாதம் மூன்று இடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுத யாருக்கு நேரம் இருந்தது.

இதை இங்கே எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதியதைக் கிழிக்கும் பழக்கம் எனக்கில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

கிழக்குச் சுவர், மேற்குச் சுவர். எங்கே திறந்தாலும் அதே கதை. மேலே காய்ந்த பஞ்சு, கீழே தொப்பை, ஷீட் முகத்தில் ஈரம். சவரிமுத்து ஒவ்வொரு பலகையையும் கழற்றி, கணக்காகச் சுவரில் சாய்த்துவைத்து, ஸ்குரூக்களைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். மூலைகளில் டேப் ஒட்டியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தேன். நான் எங்குமே இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

தேநீர் குடிக்கும்போது கேட்டார்: "காரைக்கால் வேலை வருமா மேடம்? எங்க ஆளுங்க நாலு பேரும் உப்பளத்துல கணக்க முடிச்சுட்டு வந்துட்டானுங்க."

"அறிக்கை முடியட்டும்ணே" என்றேன்.

"நானும் உப்பளத்துல பதினெட்டு வருசம் இருந்தவன்தான்." காலைக் காட்டினார். பாதத்தின் ஓரமெல்லாம் வெடித்து, தோல் தகடாக இருந்தது. "திரும்பப் போனா இந்தக் காலு ஒத்துக்காதுங்க. இந்த லிஸ்ட்ல பேரு வந்தப்புறம்தான் செருப்பே போட ஆரம்பிச்சேன்."

பிறகு, வடக்குச் சுவரைக் காட்டி, "அந்தக் கடைசிப் பலகைக்குள்ள நம்ம தாள வச்சிருக்கேன் மேடம்" என்றார்.

"எந்தத் தாள்?"

"வேலைத்தாள்தான். எந்த எடத்துல வேல முடிஞ்சாலும் கடைசிப் பலகைய மூடுறப்ப, தாள கவர்ல போட்டு உள்ள வச்சுருவேன். யாரு செஞ்சது, என்னைக்கு, யாரு சொன்னாங்க, எல்லாம் எழுதி. பின்னாடி தெறக்குறவன் திட்டணும்னாலும் பேரு தெரிய வேணாமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வடக்குச் சுவரை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் வெப்பநிலைகளைக் குறித்தேன். வெளியே முப்பத்து மூன்று, உள்ளே இருபத்திரண்டு.

மதியம் சவரிமுத்து சாப்பிடப் போன நேரத்தில் வடக்குச் சுவரின் கடைசிப் பலகையைக் கழற்றினேன். ஆய்வாளர் எந்தப் பலகையையும் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். சரிந்த பஞ்சின் மேல், பலகையைத் தாங்கும் தகரச் சேனலில் செருகியபடி கவர் இருந்தது. சுற்றிலும் ஈரம், கவருக்குள் தாள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. தாள் எண் ஏழு. கீழே என் கையெழுத்து. 'உள்பக்கம்' என்ற சொல்லுக்கு அடியில் பேனாவால் இரண்டு கோடு. ஓரத்தில், வளைந்து வளைந்து, இப்படி எழுதியிருந்தது:

'மே 9. மேடத்துக்கு போன் போட்டு கேட்டேன். கொச்சியில் ஐஸ் ரூமுக்கு சீட்டு வெளிபக்கம் போட்டோம் என்று சொன்னேன். தாளில் உள்ளபடி செய்யவும் என்று சொன்னார்கள். செய்தோம். ச. சவரிமுத்து.'

ஐந்து எழுத்துப்பிழை.

எனக்கு அப்படி ஒரு போன் வந்ததாக நினைவில்லை.

தாள் ஈரத்தில் பாழாகிவிடக் கூடாது என்பதற்காக எடுத்து என் கைப்பையில் வைத்தேன். பலகையைத் திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்குரூ விழுந்து எங்கோ உருண்டுவிட்டது. மிச்சம் ஐந்தே தாங்கும்.

செப்டம்பர் 11, புதன்

அரிப்பு. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வாங்கினேன். அதற்கும் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

அறிக்கை எழுதினேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து பத்துக்குள் முடிந்தது. முக்கியமான பத்தி:

'பாலித்தீன் ஷீட் அறையின் உள்பக்கமாகப் பொருத்தப்பட்டுள்ளது. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரப் பகுதியில் அது வெளிப்பக்கமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இதன் காரணமாக வெளிக்காற்றின் நீராவி பஞ்சினுள் நுழைந்து, குளிர்ந்த ஷீட்டின் மீது நீராகப் படிந்து, பஞ்சு நனைந்து, வெப்பத்தடுப்புத் திறன் இழக்கப்பட்டுள்ளது. பொருத்துதலில் நேர்ந்த இப்பிழை சரிசெய்யப்பட வேண்டும்.'

எல்லாம் உண்மை. ஒரு சொல் பொய் இல்லை. கடைசி வாக்கியத்தில் 'பொருத்துதலில்' என்பதை எடுத்தேன், திரும்பப் போட்டேன், மறுபடி எடுத்தேன். அது இல்லாமல் வாக்கியம் நொண்டியது. போட்டே அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு எம்.டி. கூப்பிட்டார். "தெளிவா இருக்குதுங்க. பொருத்துனதுதான தப்பு? அப்ப ஃபிட்டர்தான். லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லிர்றேன். காரைக்காலுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

நான் அப்படி எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிங்க சார்" என்று வந்தது.

இலை முன் உட்கார்ந்தும் சாப்பிட முடியவில்லை. மூன்று தெரு நடந்தேன். ஒரு மருந்துக்கடைப் பலகையில் 'மறுந்து' என்று இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

காலையில் சாவியை ஒப்படைக்கச் சங்கத்துக்குப் போனேன். சவரிமுத்து இருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. அலுவலகத்திலிருந்து யாரோ போன் செய்து காரைக்காலுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கோபப்படுவார், கத்துவார், அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"ரிப்போர்ட்டத் தமிழ்லதான எழுதியிருக்கீங்க மேடம்? ஒரு தடவ பாக்கலாமா?"

கொடுத்தேன். மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார். முழுசாக இரண்டு முறை. ஜமீலா அம்மா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"நல்லாத் தமிழ் எழுதுறீங்க மேடம்."

தாளை வாங்கக் கை நீட்டினேன்.

"ஆனா இதுல ஆளே இல்லியே. ஷீட்டு பொருத்தப்பட்டுள்ளது. பிழை நேர்ந்தது. எல்லாம் தானா நடந்த மாதிரில்ல இருக்கு." தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். "ஆளில்லாம எழுதுனா, படிக்கிறவன் கடைசியா கை வச்சவனத்தான் புடிப்பான்."

"நான் உங்க பேர எழுதலையேண்ணே."

"இல்லீங்க. நீங்க யாரு பேரையுமே எழுதல."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வடக்குப் பலகைல ஒரு ஸ்குரூ கொறையுது மேடம். காலைல பாத்தேன். நான் ஒண்ணு போட்டு மூடிட்டேன்."

அவர் தாளைப் பற்றிக் கேட்கவில்லை. என் கைப்பையைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு வழி கிடைத்திருக்கும்.

ஜமீலா அம்மா பதிவேட்டை மூடினார். "நல்ல மனுசன். பள்ளிவாச வேலைக்கும் இவரத்தான் கூப்புடுவோம். நாளையில இருந்து உப்பளமாம்" என்றார். என்னிடம் சொன்னாரா தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

லாட்ஜில் வந்து பெட்டியைக் கட்டினேன். கட்டியதைப் பிரித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

அந்தப் போன் வந்தது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஒரே இரைச்சல். 'கொச்சி' என்று ஏதோ சொன்னார். மலையாளத்து வேலைக் கதையை ஆரம்பிக்கிறார் என்று நினைத்தேன். என் தாளில் சந்தேகம் வர இடமே இல்லையே, இவருக்கு என்ன சந்தேகம் என்று எரிச்சலாக இருந்தது. பஸ் வந்துவிட்டது. "தாள்ல இருக்கிறபடி செய்யுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. இவ்வளவும் இத்தனை நாளாக எனக்கு நினைவில் இருந்தது.

செப்டம்பர் 14, சனி

பஸ் டிக்கெட்டை மாற்றிக்கொண்டேன். காலையில் அறிக்கையைத் திரும்ப எழுதி, தாள் எண் ஏழைப் படம் எடுத்து, ஓரத்தில் அவர் எழுதியது தெரியும்படி இணைத்து அனுப்பினேன். அவருடைய எழுத்துப்பிழைகளைத் திருத்தவில்லை.

பதினொன்றரைக்கு எம்.டி. கூப்பிட்டார்.

"ஏனுங்க, இத இப்படியே எழுதோணுமா? முன்னாடி எழுதுனது யாருக்கும் நோகாம இருந்துச்சே."

"சவரிமுத்துவுக்கு நோகும் சார்."

 பிறகு, "அதே தாள எத்தன எடத்துக்கு அனுப்பிச்சீங்க?" என்று கேட்டார். கடலோரத்தில் இன்னும் இரண்டு இடம் என்று சொன்னேன். பெயர்களையும் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "தாள் எழுதற வேலைக்கு வேற ஆளப் போட வேண்டி வருமுங்க. திங்கக்கிழம வாங்க, உங்களப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றார். "காரைக்காலுக்கு அந்த மனுசனே போகட்டும்."

சவரிமுத்துவுக்கு நானே போன் செய்தேன். எடுக்கவில்லை. உப்புப் பாத்திக்குள் இறங்கியிருப்பார். ஆட்டோ பிடித்து உப்பளத்துக்குப் போனேன். வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால் நனைய நின்று உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய் அறிக்கையை நீட்டினேன். கை ஈரமாக இருக்கிறது, நீங்களே படியுங்கள் என்றார். வெயிலில், அவருடைய ஆட்கள் நான்கு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சத்தமாகப் படித்தேன். இத்தனை வருடம் எழுதிய அறிக்கைகளில் ஒன்றில்கூட 'நான்' என்ற சொல் இருந்ததில்லை. படிக்கும்போது நாக்கு தடுக்கியது.

'விதைச் சங்கத்தின் சுவர்களில் ஷீட்டை உள்பக்கம் போடச் சொன்னது நான். அது சரிதானா என்று சவரிமுத்து கேட்டார். நான் கேட்கவில்லை.'